போஸ்டரின் பின்பக்கம்

போன மாதம் ஒரு பெண்ணும் ஒரு பையனும் என்னைத் தேடி வந்தார்கள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பத்திரிகையில் இப்போது பயிற்சி நிருபர்கள். எல்லையில் ஏதோ பதற்றம் என்று அவர்கள் கைபேசியில் நிமிடத்துக்கு ஒரு தலைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, போரை உண்மையில் யார் தொடங்குகிறார்கள், தலைவர்களா பத்திரிகைகளா என்று கேட்டார்கள்.

நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கியூபாத் துறைமுகத்தில் ஒரு அமெரிக்கக் கப்பல் வெடித்ததையும், அது எப்படி வெடித்தது என்று தெரியுமுன்பே நியூயார்க் பத்திரிகைகள் கூச்சல் போட்டதையும், கடைசியில் ஸ்பெயினிடமிருந்த தீவுகள் கைமாறியதையும் அந்தப் பெண் ஒப்பித்தாள். எல்லாம் சரிதான். ஆனால் பாடப்புத்தகத்தில் படிக்கும்போது அது எங்கோ யாரோ செய்த தப்பாகவே இருந்துவிடுகிறது. எனவே நான் அவர்களுக்கு 1965இல் நெய்வேலியில் என் கடை வாசலில் தொங்கிய ஒரு போஸ்டரைப் பற்றிச் சொன்னேன். சொன்னதை எழுதியும் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். படிப்பு பாதியில் நின்று, சென்னையில் ஒரு தினசரியில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்தேன். அங்கே செய்தி ஆசிரியர் சபேசன். மெலிந்த உடம்பு, எப்போதும் வாயில் வெற்றிலை. ஆனால் செய்தியைப் பார்க்கும் நேரத்தில் மட்டும் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்காருவார். தாளை அவர் வாங்கிப் படிக்க மாட்டார். எழுதியவன்தான் எதிரே நின்று உரக்கப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பென்சிலால் மேஜையைத் தட்டி, "யார் பார்த்தது?" என்பார். 'கூறப்படுகிறது' என்று வந்துவிட்டால் போதும், "கூறினவனுக்குப் பேர் இல்லையா? அவங்கப்பா வைக்கலியா?" என்று கேட்பார். நாங்கள் அந்தக் கேள்விக்கு நடுங்கிக்கொண்டே தொழில் கற்றோம்.

அவர் அதற்கு முன் ரங்கூனில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இருந்தவர். ஜப்பான்காரன் நெருங்கிக்கொண்டிருந்தபோது, ரங்கூன் விழாது என்று தலைப்புப் போட்டவர். அதை நம்பித் தங்கிய குடும்பங்கள் பல. கடைசியில் அவரும் காட்டு வழியே நடந்துதான் இந்தியா வந்தார். தம்பி வழியிலேயே இறந்துபோனான். இதை ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னார். "எண்ணெய்க்கும் அரிசிக்கும் ரெண்டு ராஜ்யம் அடிச்சுக்கிட்டது. ஆசை அவங்களோடது. தலைப்பு என்னோடது. நாடு பிடிக்கிற ஆசை ராஜாவுக்கு மட்டும் இருந்தா சண்டை நடக்காது சுந்தரம். அதை ஊர்ல இருக்கிறவன் ஒவ்வொருத்தனும் காலைக் காபியோட குடிக்கணும். ஆத்திக் கொடுக்கிறது நாமதான்."

நெய்வேலியில் ஏஜென்சி காலியாக இருக்கிறது, போகிறாயா என்று அவர்தான் கேட்டார். அப்போது டவுன்ஷிப் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள் பிளாக் பிளாக்காக எழும்பின. கம்பெனி பஸ்ஸில் ஏறினால் திருநெல்வேலித் தமிழும் கோயம்புத்தூர்த் தமிழும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருக்கும். எல்லோரும் வெளியூர். எனவே எல்லோருக்கும் காலையில் பேப்பர் வேண்டும்.

வெளியூர்களில் பத்திரிகை விற்கும் ஏஜென்டேதான் நிருபரும். இது அந்தக் காலத்து வழக்கம். சம்பளம் கிடையாது; செய்தி அச்சானால் ஏதோ கொடுப்பார்கள். வயிறு நிறைவது விற்பனையில்தான். அதாவது, என் ஊரில் நடப்பதை நானே எழுதி அனுப்பி, மறுநாள் நானே கூவி விற்க வேண்டும். செய்தி எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கட்டு காலியாகும். இதற்குள் என்ன ஆபத்து இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. அப்போது எனக்கு அது ஆபத்தாகத் தெரியவில்லை. வசதியாகத்தான் தெரிந்தது.

காலையில் பஸ் கூரையிலிருந்து பத்திரிகைக் கட்டு இறங்கும். முதல் கட்டின் மேல் அன்றைய போஸ்டர் மடித்து வைத்திருக்கும். ஒரு பக்கம் கறுப்பிலும் சிவப்பிலும் தலைப்பு, மறுபக்கம் வெள்ளை. அதை விரித்துக் கடை வாசலில் இருக்கும் கம்பிச் சட்டத்தில் செருகுவேன். பேப்பர் வாங்காதவனும் போஸ்டரைப் படித்துவிட்டுப் போவான். சைக்கிளில் போகிறவன் ஒரு காலை ஊன்றி நின்று படிப்பான். ஊரின் அன்றைய பேச்சு அந்தச் சட்டத்தில்தான் தொடங்கும்.

அந்த செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர். டவுன்ஷிப்பில் ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பழுப்புத் தாள் ஒட்டினார்கள். அனல் மின் நிலையத்தின் மேல்தான் முதல் குண்டு விழும் என்று பேச்சு. சுரங்கத்தில் வெடி வைக்குமுன் ஊதும் சங்குக்கே பெண்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். பத்திரிகையின் முதல் பக்கத்தில் தினம் ஒரு வரைபடம் வரும், அம்புக்குறிகளோடு. என் கடை வாசலில் அதை விரித்து வைத்துக்கொண்டு ஷிப்டு முடிந்து வந்தவர்கள் போரை நடத்துவார்கள். மைன்ஸில் ஃபிட்டராக இருந்த ஒருவர் தினமும் விரலாலேயே லாகூரைப் பிடிப்பார். "பிடிச்சா விடக்கூடாதுய்யா, அங்கியே உக்காந்துடணும்" என்பார். பக்கத்தில் இருந்தவர், அங்கே போனால் குவார்ட்டர்ஸ் எந்த பிளாக்கில் கொடுப்பார்கள் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு ஏக்கருக்கு மேல் ஆண்டது கிடையாது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் அடுத்தவன் ஊரை ஆளும் ஆசை எங்களுக்கெல்லாம் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து கொடுத்த கட்டை அவிழ்த்தவன் நான்.

ஒரு மத்தியானம், முத்தாண்டிக்குப்பம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒற்றன் பிடிபட்டுவிட்டான் என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார். கண்ணாடியை ஆட்டி விமானத்துக்குச் சைகை காட்டினானாம். கடையைப் பாதி சாத்திவிட்டு நானும் சைக்கிளை எடுத்தேன்.

முந்திரித் தோப்பு தாண்டி, கம்பு அறுத்த ஒரு நிலம். அதன் நடுவே சிமெண்டு மேடை, அதில் இடுப்பளவு இரும்புக் குழாய். மேடையைச் சுற்றிக் கூட்டம். கீழே உடைந்த கண்ணாடித் துண்டுகள். பிடிபட்டவனைப் போலீஸ் ஏற்கனவே கொண்டுபோய்விட்டது. பிடித்துக் கொடுத்தவர் அந்த நிலத்துக்காரர், தெய்வசிகாமணி. நடுவயது, ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. தினமும் காலையில் டீக்கடை வாசலில் உட்கார்ந்து என் பத்திரிகையை ஊருக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டுகிறவர் அவர்தான் என்பதால் எனக்கு முகம் தெரியும். அன்று யாரோ அவர் கழுத்தில் துண்டு போட்டிருந்தார்கள்.

யார் பார்த்தது என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். கண்ணாடி மின்னியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். விமானத்தை மட்டும் ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்ததாகச் சொன்னார். கடைசி ஆள், சத்தம் கேட்ட மாதிரி இருந்தது என்றார்.

போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் அவன் உட்கார்ந்திருந்தான். பெயர் கலியபெருமாள். இளவயது. ஊருக்குத் தெற்கே காலனியைச் சேர்ந்தவன். அப்பனும் பாட்டனும் ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலிக்கு உழுதவர்கள். இவன் எட்டாவது வரை படித்து, சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்து, காக்கிச் சட்டை போட்டு சைக்கிளில் போய்வந்தான். ஒரு கண் மூடிப்போய் வீங்கியிருந்தது. வலது கையைத் தூக்க முடியவில்லை.

அவன் வேலை இதுதான். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொள்ளும். எனவே சுற்றுவட்டாரத்தில் அங்கங்கே குழாய் இறக்கி, வாராவாரம் நீர்மட்டத்தை அளப்பார்கள். குழாயின் மூடியைத் திறந்து, கையளவு கண்ணாடியால் வெயிலைப் பிடித்து உள்ளே திருப்ப வேண்டும். குழாயில் அடைப்பு இல்லையென்றால் அடியில் தண்ணீர் காசு போல மின்னும். பிறகு இரும்பு டேப்பில் சாக்பீஸைத் தடவி, நுனியில் ஈயக் குண்டு கட்டி இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். கண்ணாடி இல்லாமல் அந்த வேலை நடக்காது.

வாசலில் அவன் மனைவி அஞ்சலை நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேப்பர்காரர் என்று தெரிந்துகொண்டு கிட்டே வந்தாள். "சார், நீங்க எழுதிப்புட்டீங்கன்னா அதுதாங்க நெசம். கான்ட்ராக்டர் வூட்டுக்கு ஓடினேன், இவரைத் தெரியவே தெரியாதுன்னுட்டாருங்க. நாலு வருசமா அவரு கிட்டத்தான் வேலை செஞ்சிகினு இருக்கிறாரு" என்றாள். பெர்மனென்ட் ஆளாக இருந்திருந்தால் யூனியன் வந்து நின்றிருக்கும். கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்த நேரத்தில் யாரும் இல்லை.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் அல்ல. பயந்தவர். மேலே எழுதிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். "விசாரிச்சு விட்டுடலாம்னுதான் பார்க்கிறேன். ஆனா நாளைக்குப் பேப்பர்ல ஒற்றன்னு வந்துட்டா அப்புறம் என் கையில இல்ல சார். போர்க்காலச் சட்டத்துல உள்ள போயிடுவான். எப்ப வெளிய வருவான்னு எனக்கே தெரியாது" என்றார்.

நேரே தபாலாபீஸுக்குப் போய்ப் பத்திரிகைத் தந்தி கொடுத்தேன். பிடிபட்டவர் நீர்மட்டம் அளக்கும் தொழிலாளி, கண்ணாடி வேலைக்கானது, கூட்டம் தவறாக அடித்திருக்கிறது என்று இங்கிலீஷில் சுருக்கமாக எழுதினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் மருந்துக்கடைக்கு டிரங்க் கால் வந்தது. சபேசன்.

"தந்தி வந்தது. நீ தண்ணி அளக்கிறவன்கிறே. கடலூர் நிருபர் ஒற்றன்னு அனுப்பியிருக்கார்."

"கடலூர்க்காரர் இங்க வரவே இல்ல சார். நான் ஸ்டேஷன்ல அவன் பக்கத்துல உட்கார்ந்து பேசிட்டு வரேன்."

"நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் வருது. நாம மட்டும் தொழிலாளின்னு போட்டா, எந்த நாட்டுப் பத்திரிகைன்னு கேட்பான்."

"யார் பார்த்தாங்க சார்?"

எத்தனையோ பேரை அந்தக் கேள்வியால் அழ வைத்தவர் அவர். "போர் நேரத்துல செய்தி ஆசிரியர்னு ஒருத்தன் கிடையாதுப்பா. போஸ்டர் ஆசிரியர்தான்" என்றார். லைன் துண்டித்துவிட்டது.

மறுநாள் காலை கட்டு இறங்கியது. போஸ்டரை விரித்தேன். 'நெய்வேலி அருகே ஒற்றன்! கண்ணாடி காட்டி விமானத்துக்குச் சைகை!' முதல் பக்கத்தில் செய்தி. கலியபெருமாள், தகப்பனார் மாரி, ஊர், தெரு, எல்லாம் இருந்தது. மேலே 'நமது நிருபர்' என்று போட்டிருந்தது. நெய்வேலியில் நமது நிருபர் ஒரே ஆள்தான். அது நான்தான் என்று பால்காரருக்குக்கூடத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தால் கை நிதானமாகிவிடும். போஸ்டரைத் திருப்பிப் போட்டேன். பார்சலுக்கு முகவரி எழுதும் மையையும் தூரிகையையும் எடுத்து, வெள்ளைப் பக்கத்தில் பெரிதாக எழுதினேன்: 'இன்றைய நெய்வேலிச் செய்தி பொய். நமது நிருபர் நான். நான் இதை அனுப்பவில்லை. பிடிபட்டவர் நீர்மட்டம் அளக்கும் தொழிலாளி.' அதைச் சட்டத்தில் செருகிவிட்டு வழக்கம்போலக் கடையைத் திறந்தேன்.

முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். சிலர் இரண்டு முறை படித்தார்கள். தன் கடைச் சரக்கைத் தானே பொய் என்று எழுதி வைத்திருக்கிறவனை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. லாகூரைப் பிடித்த ஃபிட்டர் வந்து போஸ்டரைக் கிழித்தெறிந்தார். பழைய போஸ்டர்கள் உள்ளே அடுக்கடுக்காக இருந்தன. ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் மறுபடி எழுதி மாட்டினேன். யாரோ எறிந்த கல் மிட்டாய் ஜாடியை உடைத்தது. துரோகி என்றார்கள். அந்தப் போஸ்டரையும் கிழித்தார்கள். மூன்றாவதை எழுதினேன்.

அப்போதுதான் தர்மலிங்கம் வந்தார். கன்வேயர் பகுதியில் ஃபோர்மேன், பெரிய மீசை. ஒரே மகன் ராணுவத்தில், அந்த நாட்களில் பஞ்சாப் எல்லையில். தினமும் முதல் பிரதி அவருக்குத்தான். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. "என் புள்ள அங்க நிக்கிறான். நீ இங்க ஒற்றனுக்கு வக்காலத்தா?" என்று கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். "உங்க பையன் இருக்கிற பக்கம் நிலைமை எப்படின்னு தெரிஞ்சுக்கத்தானே தினமும் என்கிட்ட பேப்பர் வாங்குறீங்க? நம்ம ஊர்ல, நான் கண்ணால பார்த்ததையே இப்படிப் போட்டிருக்காங்க. அப்ப பஞ்சாப்லேர்ந்து வர்றது எதை நம்புவீங்க? பொய்யான பேப்பரை உங்ககிட்ட விக்க எனக்கு இஷ்டமில்லீங்க. அதான் எழுதி வெச்சிருக்கேன்."

அவர் பேப்பரை வாங்கி, அந்தச் செய்தியை நின்றபடியே முழுவதும் படித்தார். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான் இன்னிக்கு டூட்டிக்குப் போகல. அந்தக் குழாயைக் காட்டு" என்றார்.

அவரை அழைத்துக்கொண்டு முதலில் ஸ்டேஷனுக்குப் போனேன். கலியபெருமாளை மேலதிகாரிகளிடம் அனுப்ப வண்டி கேட்டிருந்தார்கள். வண்டி வருமுன் ஒரு முறை நிலத்துக்கு வந்து பார்க்கும்படி இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். அவர் தயங்கினார். ராணுவ வீரனின் தகப்பன் கேட்கிறேன் என்று தர்மலிங்கம் சொன்ன பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஊர் கூடிவிட்டது. தர்மலிங்கம் வழியில் தம் வீட்டுக்குள் நுழைந்து ஷேவிங் கண்ணாடியை எடுத்துவந்திருந்தார். நான் குழாயின் மூடியைக் கழற்றி, வெயிலைப் பிடித்து உள்ளே திருப்பினேன். கை பழகாததால் கண்ணாடி நாலு பக்கமும் மின்னியது. முந்தின நாள் மின்னியதும் இதுதான் என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். தர்மலிங்கம் பார்த்தார். பிறகு ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்து, தண்ணீர் தெரிகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

தெய்வசிகாமணி மட்டும் வரப்பிலேயே நின்றார். நீங்களும் வந்து பாருங்கள் என்று இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

"நான் என்னாத்தப் பாக்கறது? வாராவாரந்தான் பாத்துகினு இருக்கிறனே" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. ஊர் முழுக்க அவரையே பார்த்தது. தெரிந்துதான் பிடித்துக் கொடுத்தீர்களா என்று தர்மலிங்கம் அமைதியாகக் கேட்டார்.

தெய்வசிகாமணி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "என் கொல்லியில என்னைக் கேக்காம குழாயை நட்டாங்க. அந்தாண்ட ஊர்ல மொதல்ல குழாய் நட்டாங்க, அப்பறம் கல்லு நட்டாங்க, அப்பறம் நோட்டீசு வந்துச்சு. நெலம் போயிடுச்சு. என் கெணத்துல தண்ணி எறங்கிகினே போவுது. யாரைப் போயி கேக்கறது? இவன் வந்து வந்து அளந்துகினு இருந்தான். அளக்கறவன் போயிட்டா குழாயும் போயிடும்னு நெனச்சேன். அன்னைக்கு எவனோ ஸ்பைன்னு கத்தினான். நானும் கத்தினேன்" என்றார்.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, பரிதாபமும் இருந்தது. நிலம் போய்விடும் என்ற அவர் பயம் பொய்யல்ல. ஆனால் அது போய் விழுந்தது, கைப்பிடி நிலம்கூட இல்லாத ஒருவன் தலையில். தேசம் என்று கத்தினால் கூட வர ஆள் இருக்கிறது, என் நிலம் என்று கத்தினால் யாரும் வர மாட்டார்கள். இதைத்தான் அந்த இரண்டு பயிற்சி நிருபர்களுக்கும் சொன்னேன். எந்தப் போரிலும் அடியில் யாருடைய நிலமோ, யாருடைய எண்ணெயோ, யாருடைய தண்ணீரோ இருக்கும். மேலே வேறு ஒரு பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரை எழுதும் வேலை நம்முடையது என்பதால்தான் நமக்குக் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே கலியபெருமாளை விட்டார்கள். நான் விரிவாக இன்னொரு தந்தி கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து உள்பக்கத்தில், சினிமா விளம்பரத்துக்குக் கீழே ஒரு துணுக்கு வந்தது. நெய்வேலி அருகே சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்ட ஒரு தொழிலாளி விசாரணைக்குப் பின் விடுவிக்கப்பட்டார் என்று இருந்தது. அதுவாவது வந்ததே என்று எனக்குச் சின்ன நிம்மதி.

அந்த நிம்மதியோடு பேப்பரை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வலது கையில் துணிக்கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். துணுக்கைப் படித்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சார், ஒற்றன்னு போட்டப்ப எம் பேரு, எங்கப்பன் பேரு, ஊரு, தெருவு எல்லாத்தையும் போட்டாங்க. இல்லன்னு போடறப்ப மட்டும் நான் ஒரு தொழிலாளிங்களா?" என்றான்.

அஞ்சலை உள்ளேயிருந்து, விட்டதே போதும் விடுய்யா என்றாள். அவன் விடவில்லை. நானும் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். அவன் பெயரை அச்சில் பார்க்காமல் இனி அந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுவதில்லை, ஒரு பிரதி விற்பதுமில்லை. கடைச் சாவியைத் தர்மலிங்கத்திடம் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

சபேசன் என்னைப் பார்த்ததும், போஸ்டர் விவகாரம் முதலாளி வரை போய்விட்டது, உன் ஏஜென்சியை எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எதிரே நின்று, நான் எழுதிக்கொண்டுபோன திருத்தத்தை, பழைய நாட்களைப் போல உரக்கப் படித்தேன். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நிறுத்தி, யார் பார்த்தது என்பதையும் நானே சொன்னேன். இன்ஸ்பெக்டர் பார்த்தார். ஃபோர்மேன் தர்மலிங்கம் பார்த்தார். நான் பார்த்தேன்.

முடித்த பிறகு, "ரங்கூன்ல உங்க தலைப்பை நம்பித் தங்கினவங்களுக்கு நீங்க திருத்தம் போட முடியல சார். இவன் உயிரோட இருக்கான்" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு பல நாள் யோசித்ததுண்டு. அன்று யோசிக்கவில்லை. அவர் எழுந்து போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பென்சிலை எடுத்து, நான் வெறுமனே 'கலியபெருமாள்' என்று எழுதியிருந்த இடத்துக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தார். "முதல் பக்கம்" என்று மேலே எழுதி, அச்சுக் கோர்க்கும் இடத்துக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார்.

என் ஏஜென்சியை எடுக்கவில்லை. ஏன் என்று எனக்குச் சொல்லவும் இல்லை. அதே பத்திரிகையில் பிறகு நானும் செய்தி ஆசிரியரானேன். என் காலத்திலும் போர் வந்தது. மேஜையைத் தட்டி அந்தக் கேள்வியை ஒவ்வொரு நாளும் கேட்டேன். சில நாள் தோற்றேன். கேட்பதை நிறுத்தவில்லை.

அந்தப் பேப்பர் வந்த காலை, ஒரு பிரதியை நானே கலியபெருமாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் அதை மடித்துக்கொண்டு, வா என்றுகூடச் சொல்லாமல் நடந்தான். பின்னாலேயே போனேன். டீக்கடை வாசலில் வழக்கம்போலத் தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். ஒற்றன் செய்தியையும் அவர் அங்கேதான் உரக்கப் படித்திருந்தார். கலியபெருமாள் பேப்பரை அவர் முன்னால் நீட்டினான்.

"இதையும் படிங்க."

அவர் என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "நெய்வேலி அருகே ஒற்றன் என்று வெளியான செய்தி தவறு. மாரியின் மகன் கலியபெருமாள்..."

"நிறுத்துங்க" என்றான் அவன். எட்டாவது படித்தவன். அவர் தோளுக்கு மேலே குனிந்து, கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு இடது கை விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினான். "எம் பேருக்கு முன்னாடி ஒண்ணு போட்டிருக்குதுங்களே. அதை வுட்டுட்டீங்க."

தெய்வசிகாமணி அந்த ஒரு சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செய்தியை முதலிலிருந்து தொடங்கினார். அந்த இடம் வந்ததும், ஊர் கேட்கும்படி, "திரு. கலியபெருமாள்" என்று படித்தார்.